வெல்லந் தாழுங்கால் உடல் கொள்ளும் மருட்சி

விழா மலரைக் கையில் எடுத்து, பழைய வகுப்புப் படங்களில் தம் முகத்தைத் தேடும் அன்பர்களுட் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்களுட் பலருடைய சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுடன் ஒரு குளிசைப் பெட்டியும் இருக்கும். சலரோகம் என்று எம்மூரவர் வழங்குவதும், நீரிழிவு என்று இன்றைய நூல்கள் கூறுவதும், மதுமேகம் என்று பழைய வைத்திய ஏடுகள் குறிப்பதும் அப்பெட்டிக்குக் காரணமான அந்த ஒரு நோயையே. அது யாருக்கு வரும், எவ்வுணவு ஆகும், எது ஆகாது என்பன பற்றிப் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது. நோயாளரின் காதுக்கு இன்னும் நன்கு எட்டாத பகுதி ஒன்று உண்டு. அதுபற்றியே ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

நெடுங்காலம் ஏறிநின்ற குருதிவெல்லம் மருந்தாலும் உணவாலும் நல்ல மட்டத்துக்கு இறங்கத் தொடங்கும்பொழுது, உடல் அதனை மகிழ்ந்து ஏற்பதில்லை. மாறாக, ஆபத்து வந்துவிட்டதெனக் கூக்குரலிடுகின்றது. அக்கூக்குரலின் பொருளை அறியாமையாற் பயனுள்ள மருந்தைக் கைவிட்டவர்கள் பலர். கைவிட்டதன் விலை அன்று தெரியாது. பத்தாண்டு கழித்துக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் தெரியும்.

ஓர் உதாரணத்தை நாமே வகுத்துக்கொள்வோம். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர். ஐந்தாறு ஆண்டுகளாக அவருடைய குருதிவெல்லம் வெறுவயிற்றில் 250க்கும் 300க்கும் இடையில் நின்றுவந்திருக்கிறது. (இக்கட்டுரையில் வரும் எண்கள் 100 மில்லிலீற்றர் குருதியில் இத்தனை மில்லிகிராம் குளுக்கோசு எனக் கொள்க. வெல்லம் என்று யாம் குறிப்பதும் அக்குளுக்கோசையே.) தாகத்தையும் இரவில் இருமுறை எழுந்திருப்பதையும் முதுமையின் இயல்பென்று அவர் எண்ணியிருந்தார். காலிற் பட்ட சிறு காயம் ஆறாமையால் வைத்தியரிடம் சென்றார், குளிசை தொடங்கிற்று, காலையில் அரிசிமாப் பிட்டின் இடத்துக்கு அளவான குரக்கன் பிட்டு வந்தது. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் முற்பகல் 11 மணியளவிற் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, நெற்றியில் வியர்வை, இன்னதென்று கூறமுடியாத ஓர் அச்சம். சீனி இறங்கிவிட்டதென்று வீட்டார் பதறி, இரண்டு கரண்டி சீனியிட்ட தேநீரும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொடுக்கின்றனர். பத்து நிமிடத்தில் தெளிவு பிறக்கிறது. மறுநாளும் அவ்வாறே. நான்காம் நாள் குளிசை பெட்டியிலேயே கிடக்கிறது. ‘இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்பது அவர் முடிபு.

அந்த முற்பகலில் அவருடைய விரல்நுனியில் ஒரு துளி குருதி எடுத்துச் சோதித்திருந்தால், 90 அல்லது 100 என்று வந்திருக்கக்கூடும். கல்லூரி மைதானத்தில் உதைபந்தாடும் மாணவன் ஒருவனுடைய குருதியில் உள்ள அளவே அது. உடம்பு பொய் சொல்லிற்றா? நடுக்கமும் வியர்வையும் மெய்யே. அவற்றுக்கு அது கூறிய காரணந்தான் பொய்.

இதனை விளங்கிக்கொள்ள உடலின் கணக்கைச் சற்றே நோக்கவேண்டும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி ஓடுகிறது. குருதிவெல்லம் 90 ஆயின், அவ்வளவு குருதியிலும் கரைந்திருக்கும் குளுக்கோசு நாலரைக் கிராம் மாத்திரமே. ஒரு தேக்கரண்டி சீனிக்கு மிஞ்சாது. எம் ஆசிரியரின் உடலிலோ மூன்று கரண்டி. இந்த ஒரு கரண்டியைக் கூடாமலும் குறையாமலும் காப்பதற்கு உடல் எடுக்கும் முயற்சி வியப்புக்குரியது. ஈரல் குளுக்கோசைக் கிளைக்கோசனாகச் சேமித்து வைத்து வேண்டும்பொழுது வெளிவிடுகின்றதென்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கண்டறிந்தவர் பிரான்சு நாட்டு உடற்றொழிலியல் அறிஞர் கிளோட் பேர்னாட். உயிரின் உள்ளகச் சூழல் நிலையாக இருத்தலே அதன் சுதந்திர வாழ்வுக்கு அடிப்படை என்ற கருத்தும் அவருடையதே.

உணவுக்குப் பின் வெல்லம் ஏறினால் சதையி இன்சுலினைச் சுரந்து அதனை இறக்குகிறது. நலமுடைய ஒருவருக்கு வெல்லம் 80ஐ அண்மிக்கும்பொழுதே இன்சுலின் சுரப்பு ஒடுங்கிவிடும். 70க்குக் கீழே வரத் தொடங்கினாற் குளுக்ககன், அதிரினலின் முதலிய எதிரோமோன்கள் எழுந்து, ஈரலின் களஞ்சியத்தைத் திறப்பிக்கும். மேலும் இறங்கி 50, 55 என்னும் அளவுக்கு வரும்பொழுதே நடுக்கமும் படபடப்பும் வியர்வையும் பசியும் தோன்றும். அதற்குங் கீழே மூளை தடுமாறும்: பேச்சுக் குழறும், கணக்குப் பிசகும், அமைதியானவர் காரணமின்றிச் சினப்பார், முடிவில் நினைவு தப்பும். முதற்கூட்டத்துக் குறிகள் அதிரினலின் முதலியவற்றின் வேலை. அவை காவற்காரன் அடிக்கும் மணி. பிற்கூட்டத்தன மூளைக்கு எரிபொருள் கிட்டாமையின் விளைவு. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக.

இனி, அக்காவற்காரன் எந்த அளவில் மணியை அடிக்கவேண்டுமென்பது கல்லில் எழுதிவைத்த எண்ணன்று. 1988ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டிற்று. நலமுடையோரின் குருதிவெல்லத்தையும், நெடுநாட் கட்டுக்கடங்காத நீரிழிவுடையோரின் குருதிவெல்லத்தையும் மெல்ல மெல்ல இறக்கி, எந்த அளவிற் குறிகள் தொடங்குகின்றன என்று நோக்கினர். நலமுடையோர்க்குச் சராசரியாக 53இல் தொடங்கின. நீரிழிவுடையோர்க்கு 78இலேயே தொடங்கிவிட்டன. சராசரி என்பதை மறக்கலாகாது. அதற்கு மேலேயும் சிலர் இருப்பர்.

யாழ்ப்பாணத்து வெயிலிற் பிறந்து வளர்ந்தவர் ஒருவர் நுவரெலியாவுக்கு மாற்றம் பெற்றுச் சென்றால், முதல் வாரத்தில் அவருக்குப் பற்கள் அடித்துக்கொள்ளும். அங்கேயே வாழும் மக்கள் சட்டையோடு நடந்து திரிவர். குளிர் ஒன்றே, பழக்கம் வேறு. பள்ளியிற் செய்து பார்த்த மூன்று பாத்திரப் பரிசோதனையும் இதுவே: சுடுநீரில் வைத்திருந்த கையும் குளிர்நீரில் வைத்திருந்த கையும் ஒருங்கே வெதுநீரிற் புகும்பொழுது, அந்நீர் ஒரு கைக்குக் குளிர்கிறது, மற்றதற்குச் சுடுகிறது. ஆங்கிலத் தத்துவஞானி யோன் லொக் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதனை எடுத்துக் கூறினார். உடல் அளவைக் காட்டிலும் மாற்றத்தையே முதலில் உணர்கின்றது.

குருதிவெல்லத்தில் இப்பழக்கம் எவ்வாறு ஏற்படுகிறது? மூளைக்குள்ளே குளுக்கோசு தானாகப் புகுவதில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையைக் கடத்திவிடும் காவிப் புரதங்கள் அதனைக் கொண்டுசெல்கின்றன. வெளியே வெல்லம் நெடுநாள் மிகுந்திருப்பின் இக்காவிகள் குறைந்துவிடுகின்றன என்பதும், பின்னர் வெல்லம் சட்டென இறங்கும்பொழுது மூளை சிறிது பற்றாக்குறையை உணர்கின்றது என்பதும் ஒரு விளக்கம். விலங்குகளிற் செய்த சோதனைகள் சில இதற்கு ஆதரவு. மனிதரிற் செய்தவை ஒருமுகமாக இல்லை. காரணம் எவ்வாறாயினும், நோயாளி வேண்டிநிற்கும் செய்தி வேறு: இது நீங்கக்கூடியது. நல்ல மட்டத்தில் வெல்லம் சில வாரங்கள் நிலைத்து நின்றால் மணி அடிக்கும் எல்லையும் படிப்படியாகக் கீழே இறங்கும். நுவரெலியா சென்றவருக்கும் ஒரு மாதத்திற் குளிர் பழகிவிடுகிறதல்லவா?

ஆனால், ஒவ்வொரு முற்பகலும் சீனித் தேநீர் அருந்துபவருக்கு அது பழகாது. வெல்லம் மீண்டும் 200க்கு ஏறும். உடல் தன் பழைய இடமே சரியென்று மேலும் உறுதிகொள்ளும். மறுநாள் அதே கூக்குரல். பனங்கட்டி சீனியைப்போலத் தீங்கானதன்று என்று எண்ணுவாரும் எம்மிடையே உளர். பனையின் மேல் எமக்குள்ள பற்று அளவிறந்தது. குருதிக்கு அப்பற்று இல்லை. அதற்குப் பனங்கட்டியும் வெல்லமே.

ஆகவே நடுக்கம் வந்தபொழுது முதலிற் செய்யவேண்டியது உண்பதன்று, அளத்தல். அளவு 70க்குக் கீழாயின் அது மெய்யான தாழ்ச்சி. தயங்காது மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்து அருந்தி, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் அளக்கவேண்டும். இன்னும் 70க்குக் கீழே நின்றால் மறுபடியும் அவ்வளவே அருந்துக. கொழுப்புக் கலந்த சொக்கிளேற்றும், ஒரு கோப்பை சோறும் இதற்கு ஆகா. அவை தாமதித்தே குருதியை அடையும். அளவு 70க்கு மேல், 90 அல்லது 110 என்று நின்றால், சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, சிறிது நீர் அருந்தி, சற்றே பொறுத்திருப்பதே மருந்து. பசி தாங்கவில்லையெனின் ஒரு கைப்பிடி அவித்த கடலை போதும். கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பார்த்தால், வெல்லம் மேலும் சரிகிறதா, நிற்கிறதா என்பது விளங்கும். அளக்கும் கருவி கையில் இல்லாதவர், சிறப்பாக இன்சுலின் ஏற்றிக்கொள்பவர், தாழ்ச்சியென்றே கொண்டு சீனி அருந்துவது நன்று. பொய்யான மணிக்கு அஞ்சி ஒரு கோப்பை தேநீர் அருந்தியதால் எவரும் இறந்ததில்லை. மெய்யான மணியைப் பொருட்படுத்தாமையால் இறந்தோர் உளர்.

அளத்தல் என்று இன்று எளிதாகக் கூறிவிடுகின்றோம். முந்திய தலைமுறைக்கு அது கூடவில்லை. பழைய மாணவருட் பலர் இரசாயன ஆய்வுகூடத்திற் பெனடிற்றின் கரைசலோடு குளுக்கோசைச் சூடாக்கி, நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறமாகப் படிவதைக் கண்டிருப்பர். நெடுங்காலம் நீரிழிவுச் சோதனையும் அதுவாகவே இருந்தது. குளுக்கோசின் இடத்திற் சிறுநீர். குருதிவெல்லம் 180 அளவைக் கடந்தாலன்றிச் சிறுநீரகம் பொதுவாக அதனை வெளியே விடுவதில்லை. ஆதலின், நீலம் மாறாதிருந்தால் வெல்லம் 170 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம். குழாய் ஒன்றும் சொல்லாது. நடுங்கும் நோயாளியின் மணி மெய்யோ பொய்யோ என்று பிரித்தறிய வீட்டில் வழி இருக்கவில்லை. விரல்நுனிக் குருதியை அளக்கும் சிறு கருவி 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலுமே வீடுகளுக்குள் வந்தது. இன்று தோலின் கீழ் இருந்து இடைவிடாது அளக்கும் உணரிகளும் உள. அவை குருதிக்குச் சில நிமிடம் பிந்தியே காட்டுவன. ஆதலின், வெல்லம் விரைந்து இறங்கும் வேளையில் விரல்நுனியின் சான்றே உறுதி.

இந்த மருட்சியைக் குறைக்க இன்னொரு வழி, வெல்லத்தைப் படிப்படியாக இறக்குவது. பத்தாண்டு 300இல் நின்றவரை ஒரே வாரத்தில் 100க்குக் கொண்டுவருவதில் எவருக்கும் புகழில்லை. 300இலிருந்து 200க்கும், அங்கிருந்து 150க்கும், பின் வைத்தியர் வகுத்த இலக்குக்கும் எனச் சில வாரங்களாகவும் மாதங்களாகவும் இறங்கலாம். அவசர நிலைகளும் கருப்பகாலமும் இவ்விதிக்குப் புறம்பானவை. அவற்றிற்குக் காத்திருத்தல் ஆகாது.

மெதுவாக இறங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கண்ணிலுள்ள வில்லை, குருதிவெல்லத்துக்கேற்ப நீரை உள்வாங்கியும் வெளிவிட்டும் தன் வடிவை மாற்றுகிறது. சிகிச்சை தொடங்கியதும் பத்திரிகை எழுத்துகள் மங்குவது இதனாலேயே. நோயாளி உடனே புதிய மூக்குக்கண்ணாடி செய்விக்கிறார்; ஒன்றரை மாதத்தில் வில்லை தன்னிலை எய்தியதும் அது பயனற்றுப்போகிறது. செலவைச் சற்றே ஒத்திப்போடுதல் நன்று. விழித்திரை வேறு செய்தி. அதில் ஏற்கெனவே பழுது இருப்பவர்க்கு வெல்லம் திடீரென இறங்கினால் அப்பழுது முதலிற் சிறிது மோசமாகலாம். ஆதலாற் சிகிச்சையைக் கடுமையாக்குமுன் கண் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி என்னும் சோதனையின் எண், 12இலிருந்து 7க்கு என ஒரே பாய்ச்சலில் விழுமாயின், சிலருக்குக் காலில் எரிவும் வலியும் தோன்றுவதுண்டு. 1933ஆம் ஆண்டிலேயே வைத்திய ஏடொன்றிற் பதிவான நிலை இது. வலி கொடியதெனினும், பெரும்பாலோர்க்கு மாதக் கணக்கிலே தணிகிறது. இவற்றையெல்லாம் கேட்டு, வெல்லம் ஏறியே இருக்கட்டும் என்று எவரும் முடிவு செய்தல் வேண்டா. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக்கொண்டு நடத்தி 1993இல் முடிவுகள் வெளியிடப்பட்ட பேராராய்ச்சியில், வெல்லத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்க்கு விழித்திரைப் பழுது புதிதாகத் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு முடிவும் வந்தது. இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவரிடையே கடுமையான வெல்லத் தாழ்ச்சி ஏறக்குறைய மூன்று மடங்கு. இங்கேதான் எம் பொருளின் மறுபக்கம் தொடங்குகிறது. உண்மையில் அஞ்சத்தக்க பக்கமும் இதுவே. உயர்ந்த வெல்லத்துக்குப் பழகும் உடல், தாழ்ந்த வெல்லத்துக்கும் பழகும். அடிக்கடி 60க்கும் 50க்கும் இறங்குபவரின் காவற்காரன் சலித்துப்போய் மணி அடிப்பதை விட்டுவிடுகிறான். 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நீரிழிவே இல்லாதவரிடத்தும் ஒருநாள் நேரும் ஒரேயொரு தாழ்ச்சி, மறுநாள் எழவேண்டிய ஓமோன்களையும் குறிகளையும் மழுங்கச் செய்கின்றதெனக் காட்டிற்று. அத்தகையவருக்கு நடுக்கமும் வியர்வையும் வரா, நேரே குழப்பந்தான். வீதியைக் கடக்கும்பொழுது, வாகனம் ஓட்டும்பொழுது, உறங்கும்பொழுது அது வந்தாற் சொல்லவேண்டியதில்லை. ‘முன்பெல்லாம் சீனி இறங்கினால் உடனே தெரியும், இப்பொழுது அந்தத் தொல்லை இல்லை’ என்று ஒருவர் மகிழ்ந்து கூறினால், அது நலம் பெற்றதன் அறிகுறியன்று. அன்றைக்கே வைத்தியரிடம் கூறவேண்டிய செய்தி. இதுவும் மீளக்கூடியதே. தாழ்ச்சி ஒன்றேனும் நேராவண்ணம் இலக்கைச் சிறிது உயர்த்திச் சில வாரங்கள் காத்தால், இழந்த எச்சரிக்கை பெரும்பாலும் திரும்பிவருகின்றதென 1993, 1994ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. குருதியழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் கொடுக்கப்படும் அற்றனலோல் போன்ற குளிசைகளை எடுப்பவர்க்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடக்கூடும்; வியர்வை மறையாது. அவர்கள் வியர்வையையே நம்புக.

முதியவர்க்கு இலக்கு தளர்வாகவே இருத்தல் வேண்டும் என்பதும் இன்று ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. 2008இல் வட அமெரிக்காவிற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக்கொண்ட ஆராய்ச்சியொன்றில், வெல்லத்தை மிக இறுக்கிப் பிடித்த பிரிவில் இறப்புக் கூடியமையால் அப்பிரிவின் சிகிச்சையை இடையில் நிறுத்தவேண்டி வந்தது. எண்பது வயதுப் பாட்டனாரின் எண்ணையும் நாற்பது வயதுப் பேரனின் எண்ணையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடும் வழக்கம் எம் வீடுகளில் உண்டு. அது தேர்வுப் புள்ளியன்று.

விரதகாலம் பற்றியும் ஒரு சொல். கந்தசட்டியின் ஆறு நாளும் ஒருவேளை உணவோடு இருப்பவரும், நல்லூர்க் கொடியேற்றம் முதல் இருபத்தைந்து நாளும் காலையில் வெறுவயிற்றோடு வீதி வலம் வருபவரும் எம்மவருட் பலர். இன்சுலினையோ, கிளிபென்கிளமைட்டு, கிளிகிளசைட்டு போன்ற குளிசைகளையோ வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு உணவை மட்டும் விடுவது, களஞ்சியத்தைப் பூட்டிவிட்டுக் கூலிக்காரரை வேலைக்கு அனுப்புவது போன்றது. மெற்போமின் மட்டும் எடுப்பவர்க்கு இவ்விடர் அரிது. விரதம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னரே வைத்தியரிடம் கூறினால் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார். விரதத்தில் வரும் நடுக்கத்தைப் பொய்யான மணியென்று தள்ளிவிடலாகாது. முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டாவது அளந்து பார்க்கவேண்டும்.

வீட்டாரும் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். நோயாளி நினைவிழந்து கிடந்தால் வாயில் நீரோ சீனியோ ஊற்றலாகாது. அது சுவாசக் குழாயுட் புகுந்துவிடும். ஒருபுறமாகச் சரித்துக் கிடத்தி, ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்க. அங்கே நாளத்தின் வழியே குளுக்கோசு ஏற்றியதும் சில நிமிடத்திற் கண் விழித்துப் பேசுவார்; பேசியவுடன் வீட்டுக்குப் போகவும் கேட்பார். இன்சுலினன்றிக் கிளிபென்கிளமைட்டுப் போன்ற நெடுநேரம் வேலை செய்யும் குளிசையால் வந்த தாழ்ச்சியாயின், அன்றிரவே அது மீண்டும் வரக்கூடும், சிறுநீரகம் தளர்ந்த முதியவரிடத்து இன்னும் அதிகமாக. ஒரு முழுநாளேனும் ஆசுபத்திரியிலேயே வைத்திருந்து, மணிக்கணக்கில் அளந்து பார்த்த பின்னரே அழைத்துவருதல் வேண்டும்.